அம்மன் வாசலில் பதிவான முதல் புள்ளி

அம்மன் அடியார்களுக்கு, மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரன் எழுதுகிறேன். எழுத்து வேலை எனக்கு வராது. ஆனால் இதைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

சுனாமிக்குப் பிறகு நான்காவது வருஷம், ஐப்பசி மாதம். நானும் என் மனைவி செல்வியின் அண்ணன் ஏழுமலையும் ஃபைபர் போட்டில் நடுக்கடலில் தவித்துக்கொண்டிருந்தோம். விடியலில் போனவர்கள். பத்து மணிக்குப் பிடித்த மழை மதியம் தாண்டியும் விடவில்லை. கரை கண்ணில் படவில்லை. காற்று திசைக்கொன்றாக அடித்தது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்து ஏமாந்தோம். மிச்சம் இருந்த டீசல் இன்னும் ஒரே ஓட்டத்துக்குத்தான். தப்பான பக்கம் போனால் அவ்வளவுதான். தண்ணீர் இறைத்து இறைத்துக் கை மரத்துப்போனது. பயப்படக்கூடத் தெம்பில்லை.

கையில் ஜிபிஎஸ் மிஷின் இருந்தது. ஆனால் அதில் கரை இல்லை.

எங்கள் ஆட்களின் புத்தி அப்படி. மீன் அண்டும் கடலடிப் பாறைக்கு எங்கள் பேச்சில் 'பார்' என்று பெயர். பார் கிடைத்த இடத்தில்தான் பட்டனை அமுக்கிக் குறிப்போம். அடுத்தவன் பார்க்காமல் மிஷினை மடியில் ஒளித்துவைப்போம். வீட்டுக்கு யாராவது அடையாளம் போடுவார்களா? கரையில் ஊர்த் தண்ணீர் டேங்க் தெரியும், அதைப் பார்த்து வந்துவிடுவோம். இடத்தைக் குறிப்பதும், குறித்த இடத்துக்குப் போவதும் தவிர அந்த மிஷினில் எனக்கு வேறொன்றும் தெரியாது.

சுனாமியில் என் தம்பியைப் பறிகொடுத்தேன். அதன்பிறகு நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்கும் கும்பிட மனம் வரவில்லை. தாயே, உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், ஆனாலும் கரை சேர்த்துவிடு என்றேன். அதற்கே அழுகை வந்துவிட்டது.

ஏழுமலை மிஷினை வாங்கிப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனார். "மாப்ள, எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கீது. பேரு இல்ல, வெறும் நம்பரு. இது எந்தப் பாரு?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அது பார் இல்லை. மிஷின் வாங்கிய வருஷம் ஆயுதபூஜைக்கு நான் வரமாட்டேன் என்றதால் செல்விதான் அதைக் கரையோரம் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலுக்கு எடுத்துப்போனாள். ஓடுகிற மிஷினாகக் காட்ட வேண்டும் என்று ஆன் செய்து, வாசலில் அம்மனுக்கு எதிரே வைத்தாள். பூசாரி இடம் குறிக்கும் பட்டன் மேலேயே குங்குமத்தை அப்பிவிட்டார். அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்ததில் அந்த இடம் பதிவாகிவிட்டது. மிஷினைக் கெடுத்துவிட்டாய் என்று அவளைத் திட்டித் தீர்த்தேன். அந்தப் புள்ளியை அழிக்கத் தெரியாமல்தான் விட்டிருந்தேன்.

அது நம் கோயில் வாசல் என்று ஏழுமலையிடம் சொல்லி, அந்தப் புள்ளிக்கு வழி கேட்டுப் பட்டனை அமுக்கினேன். அம்புக்குறி நான் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் காட்டியது. மனசு ஒப்பவில்லை.

"அம்மா கூப்புடுறா. போ மாப்ள," என்றார் ஏழுமலை.

போனேன். ஒரு மணி நேரம் கழித்து மழைக்குள் டேங்க் தெரிந்தது. டீசல் தீர்ந்து, துடுப்புப் போட்டுக் கரை தொட்டோம். செல்வி கோயில் வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். அம்மனைக் கும்பிடுவதற்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடல் இன்றும் அதே கடல். தம்பி திரும்பவில்லை, அசதியும் தீரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். திக்குத் தெரியாமல் நிற்பவர்களே, கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடே அவளைக் கூப்பிடுங்கள்.

பழைய மிஷின் பழுதாகி, போன வருஷம் புதிது வாங்கினோம். ஆன் செய்து, செல்வியையும் கூட்டிக்கொண்டு நானே கோயிலுக்கு எடுத்துப்போனேன். பூசாரி பட்டன்மேல் குங்குமம் வைத்ததும் மிஷினைச் செல்வியிடம் நீட்டினேன்.

"நீயே தொடச்சி வுடு," என்றேன்.