வங்காலை அக்கா படிப்பித்த சோதினை

நாயின் படத்தைக் காட்டினேன். பிள்ளை "குடை" என்றாள். தயங்கவில்லை, படத்தைப் பார்க்கவுமில்லை. என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, தேவாலயப் பூசையில் சனங்கள் மறுமொழி சொல்வதுபோல ஒரே இராகத்தில் சொன்னாள். அடுத்தது கதிரை. "நாய்" என்றாள். அதற்கடுத்தது வாழைப்பழம். "கதிரை" என்றாள். நான் செய்ததெல்லாம், அட்டைக்கட்டின் மேலிருந்த குடைப் படத்தை உருவி அடியில் வைத்ததுதான்.

கொஞ்சம் முன்னர்தான் அதே அட்டைகளை உரிய ஒழுங்கில் காட்டி முடித்திருந்தேன். அப்போது ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஓட்டிசம் உள்ள அந்தச் சின்னவள் ஆறு மாதத்துக்கு முன்னர் இதே மேசையில் பாதிப் படங்களுக்கு வாயே திறக்காதவள். இவ்வளவு ஏற்றமா? சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்.

கொழும்பில் நடத்தைப் பயிற்சி படித்துவிட்டு, மன்னார்த் தாராபுரத்தில் வாடகை வீடொன்றில் இயங்கிய சிறுவர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. முருங்கனில் இருந்து காலை பஸ்ஸில் வரும்போதே மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். தரப்படுத்திய மதிப்பீடு என்றால் எனக்கு அப்படியொரு பித்து. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சொற்கள், ஒரே ஒழுங்கு. சரி என்றும் சொல்லக்கூடாது, பிழை என்றும் சொல்லக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது. கொழும்புப் பிள்ளையையும் மன்னார்ப் பிள்ளையையும் ஒரே கோலால் அளக்கலாம் என்பதே எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது. ஆனால் அளக்கப்போவது இன்னதென்று முன்கூட்டியே தெரிந்த வீட்டில் அந்தக் கோல் எதை அளக்கும் என்று எந்த வகுப்பிலும் ஒருவரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

சின்னவளின் தாயை நாங்கள் வங்காலை அக்கா என்போம். புருஷன் கடலுக்குப் போகிறவர். முதல் மதிப்பீட்டின்போது பிள்ளை தாயை விட்டு இருக்கமாட்டாள் என்று அழுததால், அக்காவை அறை மூலையில் ஒரு கதிரையில் இருத்தியிருந்தோம். செபமாலையை உருட்டிக்கொண்டு பேசாமல் இருந்தா. செபிக்கிறா என்றுதான் நினைத்தேன்.

ஒழுங்கு மாறி எல்லாம் பிழைத்த அன்றைக்கு, அக்காவை வெளி விறாந்தையில் வைத்துக் கேட்டேன். சுற்றிவளைத்துக் கேட்டதற்கு அக்கா நேராகவே பதில் சொன்னா.

"ஓம் மிஸ், நான்தான் படிப்பிச்சனான். சோதினை எண்டால் படிப்பிக்காமல் ஆரும் பிள்ளையை அனுப்புவினமோ?"

மூத்த மகனைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அப்படித்தான் ஆயத்தப்படுத்தினாவாம். ரியூஷன் சேர் பழைய வினாத்தாள்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வைத்தாராம், பெடியன் பாஸாம். அதே சேரிடம் போய், மூலையில் இருந்து பார்த்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறா. அவர் பழைய சஞ்சிகைகளில் வெட்டி ஒட்டி ஒரு மொடல் பேப்பரே செய்து கொடுத்திருக்கிறார். விளக்கு வைத்த பிறகு தினமும் பாடம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தா. இந்த ஊரில் பரீட்சை என்றால் அதுதான் முறை. நானும் அப்படிப் படித்து வந்தவள்தானே.

ஒழுங்கை மாற்றினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். அக்காவின் முகம் மாறியது.

"ஒழுங்கை மாத்திக் கேட்டால் பெரியாக்களும் பிழை விடுவினம். நீங்கள் வேணுமெண்டுதான் மாத்தினீங்கள். இவள் பள்ளிக்கூடம் போயிட்டால் இங்க உங்களுக்குப் படிப்பிக்க ஆர் பிள்ளை?"

அது சுருக்கென்று குத்தியது. குத்தினாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. அக்காவுக்கு நான் ஆர்? படித்துவிட்டு வந்து, பிள்ளை சரியாகச் சொன்ன பிறகும் கட்டைக் கலைத்துப் பார்க்கிற ஒருத்தி.

நிலையத்தின் வழக்கம் இதுதான்: புள்ளி ஓர் எல்லையைத் தாண்டினால் பயிற்சி நிறுத்தப்படும், பிள்ளை ஜனவரியில் முதலாம் வகுப்புக்குப் போகலாம், காத்திருக்கிற இன்னொரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அந்தப் புள்ளியோடு சின்னவள் எல்லையைத் தாண்டிவிட்டாள். ஆனால் வயிற்று வலி என்றோ, மூத்திரம் பெய்யவேணும் என்றோ சொல்லத் தெரியாது. வேண்டியது கிடைக்காவிட்டால் தன் கையையே கடிப்பாள். நிறைந்த வகுப்பறையில் ஆர் அவளைப் பார்ப்பது?

மாதத்துக்கு ஒருதரம் மேற்பார்வைக்குக் கொழும்பில் இருந்து வரும் பெரிய மிஸ்ஸிடம் சொன்னேன். நிலையத்துக்குக் காசு உதவி செய்கிறவர்களுக்குக் காட்ட நல்ல பெறுபேறு வந்திருக்கிறது என்ற குளிர்ச்சியில் இருந்தா. "மார்க்ஸ் ஏறியிருக்கு, பிறகேன் கிடந்து தோண்டுறீர்?" என்றா. அதற்குப் பிறகு பெரிய மிஸ் மீதும் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. படித்துப் படித்துச் சொன்ன பிறகு ஒரு வழிக்கு வந்தா: வீட்டுக்குப் போய்ப் பாரும், பிள்ளை தானாக எதையாவது கேட்கிறாளா என்று எழுதும், பிறகு முடிவெடுப்போம்.

வங்காலைக்குப் போனது ஒரு சனிக்கிழமை. கச்சான் காற்று தகர வேலியைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கேற்றின் உச்சியில் ஒரு கொண்டி, அதற்கு மேலே கம்பியால் இன்னொரு சுற்று. என்னை உள்ளே விட்டதும் அக்கா கம்பியைத் திரும்பவும் முறுக்கினா. கோபம் ஆறவில்லை, ஆனால் குடிக்கப் பிளேன்ரீ வந்தது. சின்னவளுக்குக் கோயில் சட்டை, முகம் முழுக்கப் பவுடர். வீடு கூட்டித் துடைத்துக் கிடந்தது. இதற்கும் ஒரு மொடல் பேப்பர் நடந்திருக்கும் என்று மனம் சொன்னது. எந்தச் சொல்லைப் பழக்கி வைத்திருப்பா? தண்ணியா, பிஸ்கற்றா? சின்னவள் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு இருந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னவள் முற்றத்து மணலை அள்ளி அள்ளி ஊற்றினாள். பிறகு எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கேற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தூக்கிக் கொண்டியின் பக்கம் நீட்டினாள்.

"திற."

விறாந்தையில் கோப்பை விழுந்த சத்தம் கேட்டது. அக்கா எழும்பி நின்றா.

எனக்கு அப்போதும் சந்தேகம் விடவில்லை. பையில் இருந்து அவளுக்குப் பிடித்த சொக்லேற் பிஸ்கற்றை எடுத்து நீட்டினேன். பழக்கிய சொல் என்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். தட்டிவிட்டாள். மின்விசிறியை அல்ல, வானத்தை அல்ல, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"திற."

அக்கா பக்கத்தில் வந்துவிட்டா.

"ஆர் படிப்பிச்சது? நீங்களோ?"

இல்லை என்றேன். நீங்கள்தான் என்று நினைத்தேன் என்றேன்.

"விசரே எனக்கு? போன வருஷம் கேற் திறந்து கிடந்து, கடலுக்குள்ள நெஞ்சளவு தண்ணியில நிண்டவள். மாதாவேதான் காப்பாத்தினவ. அதுக்குப் பிறகு இவளுக்கு முன்னால அந்தச் சொல்லை நாங்கள் ஒருத்தரும் வாயில எடுக்கிறேல்லை. கண்ணாலதான் காட்டுவம்."

ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். அக்காவின் கண்ணில் இருந்தது என்னை நம்பாத பார்வை. என் கண்ணிலும் அதேதான் இருந்திருக்கும். ஆனால் எவரும் படிப்பிக்காத ஒரு சொல் எங்கள் இருவருக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில் நின்று என் கையை இழுத்துக்கொண்டிருந்தது.

கேட்டது கிடைக்காவிட்டால் அந்தச் சொல் பிள்ளையிடம் தங்காது, இனிக் கேட்கவும் மாட்டாள் என்று சொன்னேன். அக்காவுக்கு அது விளங்கியது. விளங்கியும் நெடுநேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றா.

அந்த ஜனவரியில் சின்னவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன், பயிற்சி தொடர்ந்தது. அதற்காக அக்கா என்னோடு கனகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது சின்னவள் முதலாம் வகுப்பில் இருக்கிறாள், வேண்டியதைக் கேட்கிறாள், வேண்டாததற்குச் சண்டையும் பிடிக்கிறாள். நானோ இன்றைக்கும் ஒரு பிள்ளையின் புள்ளி திடீரென்று ஏறினால் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா கடைசியில் கம்பியை முறுக்கவிழ்த்து, கொண்டியைத் தூக்கினா. கேற் திறந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கடல் இரைச்சல் முழுதும் உள்ளே வந்தது. மகளின் ஒரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னா:

"மற்றக் கையை நீங்கள் பிடியுங்கோ, மிஸ். விட்டிடாதேங்கோ."