மேனேஜருக்கு இரண்டு யூனிட்

என் அக்கா சுகிர்தாவிடம் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும் ஆறேகால் வரை காத்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் லைனுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. தோஹாவில் உட்கார்ந்துகொண்டு, பதில் வராத இருபத்துமூன்று மெசேஜ்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

இருபத்துமூன்றும் பூனையைப் பற்றியவை.

பூனையின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அக்கா வைத்த பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன் கேன்டீனுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டு கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்தாள். பிள்ளை இல்லாத வீடு. அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

போன ஆவணியில் மேனேஜர் பக்கெட்டில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. உடம்பு பாதியானது. பின்னங்காலின் மூட்டைத் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஏறுவது நின்றுபோனது. அக்கா லீவு போட்டு, கூடையில் வைத்து லோக்கல் ரயிலில் சென்னை கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சர்க்கரை நானூற்று முப்பது. காலையும் மாலையும் சாப்பிட்டதும் இரண்டு யூனிட் இன்சுலின். இரண்டு வாரத்தில் இறங்க ஆரம்பிக்காவிட்டால் பூனை தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சர்க்கரை நோயாளி உண்டு. எட்வர்ட் மாமா, அக்காவின் கணவர், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. பூனையின் காதில் குத்திப் பார்க்கும் மெஷின் அவருடையதுதான்.

"எனக்கு வெறும் மாத்தர, அதுக்கு ஊசியா? நடத்துங்க, நடத்துங்க" என்றார்.

முதல் ஊசியை வீடியோ காலில் பார்த்தேன். மாமா பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"அக்கா, ஊசி கடப்பாறை மாதிரி இருக்கே!"

"நம்மூரு மெடிக்கல்ல இதான்டா கீது. கத்தாத, கை ஆடுது."

மேனேஜர் ஒரு தடவை சீறியது. அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாளே பார்மஸிக்குப் போய், முடி மாதிரி ஊசி உள்ள சிரிஞ்சு நூறு அடங்கிய பெட்டி வாங்கி, லீவில் ஊருக்குப் போன என் ரூம்மேட் ஜோஷ்வாவிடம் கொடுத்தனுப்பினேன். ஐந்தாம் நாள் பெட்டி போய்ச் சேர்ந்தது. அதற்குள் சர்க்கரை முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கியிருந்தது.

"டேய், இது ஆரஞ்சு மூடி. நம்மளது சேப்பு மூடி. அளவு ஒன்னுதானா?" என்று அக்கா கேட்டாள்.

"ஊசின்னா ஊசிதான்கா. ரெண்டாவது கோடு வரைக்கும் இழு, போடு."

அதன்பிறகு நானூற்றுப் பத்து. அப்புறம் நானூற்று நாற்பது.

நான் விட்டேனா? கரண்ட் போனதில் இன்சுலின் கெட்டிருக்கும், ஃப்ரிட்ஜை மாற்று என்றேன். ஓவர்டைம் பார்க்காதே, ஊசி நேரம் தள்ளிப்போகிறது என்றேன். அதை அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். பக்கத்து வீட்டு முத்தம்மா பால்சோறு வைக்கிறாள், போய்ச் சண்டை போடு என்றேன். முத்தம்மா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய்வந்து பூனையின் நெற்றியில் குங்குமம் வைத்தவள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வந்தவர்கள் முறைத்தும் அக்கா அதை அழிக்கவில்லை. ஆனாலும் போய்ச் சொன்னாள்.

"சோறு வெக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"என் தம்பி. கத்தார்ல கீறான்."

"டாக்டரா?"

"இல்ல. அதான் பேஜாரு."

பதின்மூன்றாம் நாள் மேனேஜர் ஃப்ரிட்ஜைப் பார்த்துத் தாவி, பாதியில் விழுந்தது. அன்றிரவு அக்கா என் ஃபோனை எடுக்கவில்லை. மாமா எடுத்தார். "அவ பேசற நெலமைல இல்ல, மச்சான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அக்காவுக்கு அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சேரியிலிருந்து ஃபாக்டரிக்குள் போன முதல் பெண்களில் அவள் ஒருத்தி. ஷாஃப்டுகளை அளந்து பார்த்து அனுப்பும் வேலை. அளவு தப்பினால் முதலில் மெஷினைத் திட்ட மாட்டாள். கையிலிருக்கும் அளவுகருவியைத்தான் சந்தேகப்படுவாள். படித்தது தமிழில், பன்னிரண்டு வரை. இங்கிலீஷை விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்; அதனால் ஓர் எழுத்தையும் விட மாட்டாள். நான் ஐந்தாவதுக்குமேல் இங்கிலீஷ் மீடியம். கடகடவென்று படிப்பேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளே வீடியோவில் வந்தாள். மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர், சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்று, நான் அனுப்பியது ஒன்று.

"சேப்புல இருவது கோடு தண்ணி இழுக்கறேன். பாத்துக்கினியா? இந்த மூடில உடறேன். இப்ப அத்தினியும் உன் ஊசில இழுக்கறேன். எங்க நிக்குது?"

"ஐம்பதுல."

"அதே தண்ணிதான? நடுவுல எவனாவது ஊத்துனானா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"இன்சுலின் பாட்டில்ல இன்னா போட்டுக்கீது? ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட்டு. சேப்பு மூடில? நாப்பது. உன் டப்பால? நூறு. தமிழ்லயாடா எழுதிக்கீது, உனக்குப் புரியாம போறதுக்கு?"

"அப்ப இத்தனை நாளா..."

"ரெண்டுன்னு நெனச்சிக்கினு ஒன்னுக்கும் கம்மியா போட்டுக்கினு இருந்தேன். நீ என்னாடான்னா ஃப்ரிட்ஜ மாத்துன்ற. பாவம், முத்தம்மாகிட்ட போய் சண்ட போட்டேன்."

"அக்கா, அப்ப என் ஊசில அஞ்சாவது கோடு வரைக்கும் இழுத்தா கணக்கு சரியா..."

"வாய மூடு. டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கறேன். நீ ஒன்னும் சொல்லாத."

டாக்டரம்மா பழைய ஊசிக்கே போகச் சொன்னார். அதே இரண்டு யூனிட். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அந்த வாரம் நான் ஒரு மெசேஜும் அனுப்பவில்லை. நாற்பது முறை எழுதி அழித்தேன்.

ஏழாம் நாள் அக்கா கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் இரண்டு படங்கள் வந்தன. முதலாவது மெஷின்: இருநூற்றுப் பத்து. இரண்டாவதில் நான் அனுப்பிய பெட்டி. அதில் கம்பெனியில் கழித்துக்கட்டும் சரக்குக்குக் கட்டும் சிவப்புச் சீட்டு தொங்கியது. காரணம்: அளவு ஒவ்வாது. பொறுப்பு: தம்பி. பெட்டி ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. பெட்டியின் மேல் மேனேஜர்.

'அது தானா ஏறிச்சா, மாமா தூக்கி வெச்சாரா?' என்று உடனே கேட்டேன். பதில் இல்லை. ஃபோனை லாக்கரில் வைத்திருப்பாள். நாள் முழுக்க ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆறேகாலுக்குக் குரல் மெசேஜ் வந்தது.

"தானாதான்டா ஏறிச்சி. இப்ப எறங்குன்னா எறங்க மாட்டன்னுது. ஊசி டைம் ஆவுது, ஸ்டூல் போட்டு ஏறிக்கினு கீறேன். கால் கீல் பண்ணித் தொலைக்காத."