புலியின் எச்சத்தில் ஒரு கறுப்பு முடி

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தபின் யாரும் அவருக்குக் கை கொடுப்பதில்லை. வனத்துறை ஆய்வுக்கூடத்தில், புலியின் எச்சத்தைச் சல்லடையில் கொட்டி அலசி, அது எதைத் தின்றது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு ‘சல்லடை’ என்றே பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

“ஊரே வாய்க்குள்ள போறதைப் பத்திக் கவலைப்படுது. நமக்கு மறுபக்கம்தான் பொழப்பு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துவிடுவது அவருடைய ராஜதந்திரம்.

கறி செரித்துவிடும், முடி செரிக்காது. அலசி எடுத்த முடியைக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மேலே உள்ள செதில்கள் மானுக்கு ஒரு மாதிரி இருக்கும், காட்டுப்பன்றிக்கு வேறு மாதிரி இருக்கும். சில சமயம் புல்லும் கிடைக்கும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் அவர் வாயே திறப்பதில்லை. பழமொழியோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவன் எவன்?

காட்டில் உயிருள்ள புலியை அவர் பார்த்ததே கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை முறைத்தாலே ஒதுங்கி வழிவிடுவார். ஆனாலும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டால் புலிப் புராணம்தான்.

“பதுங்கிப் பதுங்கிக் கிட்ட வந்து பாய்ஞ்சு கழுத்தைக் கவ்வும். முக்காவாசி நேரம் இரை தப்பிச்சு ஓடிரும். மாட்டினதை மறைவா இழுத்துட்டுப் போய்த் தொடைப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும். மிச்சத்தை இலைதழை போட்டு மூடி வெச்சுட்டு, மறுநாளும் வந்து தின்னும்.”

“நீங்களும்தான் மிச்சத்தைத் தட்டு போட்டு மூடி வெக்கிறீங்க. வேட்டையைத்தான் காணோம்” என்பாள் மனைவி. அவரும் சேர்ந்து சிரிப்பார், வேறு வழி?

அந்தச் சமயத்தில்தான் காட்டோரம் விறகு பொறுக்கப் போன ஒரு இளைஞனைக் காணவில்லை. அந்தப் பக்கம் குட்டிகளோடு ஒரு பெண்புலி திரிந்தது. அதுதான் தின்றிருக்கும் என்று ஊர் கொதித்தது. அதன் எச்சம் சல்லடைக்கு வந்தது. கொத்துக் கொத்தாக மான் முடி. நடுவே ஒற்றையாக ஒரு மனித முடி, கறுகறுவென்று. அடிநுனி மட்டும் வெள்ளை.

இன்னொரு ஆளிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்பது விதி. அவருக்கோ கால் தரையில் பாவவில்லை. நேரே பெண் அதிகாரியின் அறைக்கு ஓடினார். அந்த அறையில் முதல்முறையாக அவருக்கு நாற்காலி கிடைத்தது.

“நிச்சயமா சார்? அடி மட்டும் ஏன் வெளுத்திருக்கு?”

“புலி வயித்துல வெந்து வெளுத்திருக்கும் மேடம். இந்தக் கண்ணு தப்பு பண்ணாது.”

“அப்ப புலியைப் பிடிச்சுத்தான் ஆகணும். குட்டிங்க?”

“அதுங்களுக்கு இன்னும் வேட்டை பழகலை. தாய் இல்லன்னா பட்டினிதான்.”

சொல்லும்போது மனதில் சுருக்கென்றது. ஆனால் நாற்காலி மெத்தென்று இருந்தது. கூண்டு வண்டிக்கு உத்தரவு போயிற்று.

மறுநாள் விடுமுறை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தலைக்கு மை தடவிக்கொண்டிருந்தாள். தான் மை பூசுவது வெளியே யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

“ஆடாம இருங்க. அடியில வெள்ளை எட்டிப் பார்க்குது.”

அவர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். புலி வயிறாவது, வேகிறதாவது! பாதி மை பூசிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். தன் முடி ஒன்றைப் பிடுங்கி அந்த முடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே வெள்ளை அடி. செதில்களில் அதே மைத் திட்டு. வேலை செய்யும்போது தலையில் தொப்பி போட வேண்டும் என்று விதி. வாரிய தலை கலைந்துவிடுமென்று அவர்தான் போடுவதில்லை.

சந்தேகமாக இருக்கிறது என்று மழுப்பலாம். மழுப்பினால் கூண்டு நிற்காது, ஊர் விடாது. குட்டிகள் கண்முன் வந்தன. போனை எடுத்தார்.

“மேடம், கூண்டை நிறுத்துங்க. அது என் முடி.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நான்... தலைக்கு மை போடுவேன் மேடம்.”

“அது இங்க எல்லாருக்கும் தெரியும் சார். அது உங்க முடிதான்னு எப்படித் தெரியும், அதைச் சொல்லுங்க.”

சொன்னார். வண்டி திரும்பியது. காணாமல் போனவன் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. அலுவலகக் கூட்டத்தில் அரைக் கறுப்பும் அரை வெள்ளையுமான தலையோடு எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். “அந்தப் புலி தின்ன ஒரே ஆள் நான்தான்” என்று முந்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை.

மழை தொடங்கிய பின் அதே காட்டோரத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. தாயின் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன எச்சம், குட்டிகளுடையது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அலசினார். மான் முடி, சல்லடை நிறைய. தாய் வேட்டையாடியிருக்கிறது, குட்டிகள் வயிறு நிறையத் தின்றிருக்கின்றன. அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. உலகத்தில் எச்சத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். கண்ணீர் சல்லடையில் விழாமல் தலையை அவசரமாகப் பின்னால் சாய்த்தார். மறுபடியும் மாதிரியில் தன்னைக் கலந்துவிட அவருக்குத் தைரியமில்லை.