தொண்டர் என்று எழுதிய மஞ்சள் சட்டை

வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அக்கா இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கட்டியிருக்கும் கம்பியில் அந்த மஞ்சள் சட்டை இன்னும் காய்கிறது. முதுகுப் பக்கம் கறுப்பில் ‘தொண்டர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். மஞ்சள் வெளுத்துவிட்டது, கழுத்து தொங்கிவிட்டது, கொழுந்துக் கறை ஏறித் துணியே நைந்துவிட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இணைப்பாளர் சேர் ஞாபகத்துக்கு வருவார். அந்த மனிதர் எங்களை ஏமாற்றினாரா, இல்லையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் முதன்முதலில் வந்தது எங்கள் பாடசாலைக்குத்தான். நான் அங்கே ஆசிரியை. கொழும்பிலிருந்து வருகிறேன் என்றார். பிரதேசக் கலைகளுக்கென்று ஒரு நிதி கிடைத்திருக்கிறது, ஹட்டனில் வீதியோரத்து நீண்ட மதில் ஒன்றில் தோட்டத்து வாழ்க்கையை வரையப் போகிறோம், உள்ளூர்க் கலைஞர்கள் தொண்டர்களாகச் சேரலாம் என்றார். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் ஒரு தோல் பை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு அன்றைக்கே பிடிக்கவில்லை. மலைக்கு எதையாவது கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சிரிக்கிறார்கள். நிதி என்றால் யாருடைய நிதி, எவ்வளவு, எவர் கையில் என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார், கேட்காத பில்லையும் எடுத்துக் காட்டினார். கேட்காமலே பில் காட்டுகிற ஆளிடம் கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. பகலில் கொழுந்து பறிப்பாள். கோயில் திருவிழா வந்தால் தேருக்குப் பின்னால் கட்டும் திரையிலிருந்து கடைகளின் பெயர்ப்பலகைவரை அவள்தான் வரைவாள். யாரிடமும் படித்தவள் இல்லை, கை தானாகப் போகும். எங்கள் பாடசாலைச் சுவரில் அவள் வரைந்த மயிலைப் பார்த்துவிட்டுத்தான் இணைப்பாளர் சேர் அவளைத் தேடிப் போனார். ‘தொண்டராச் சேருறீங்களா?’ என்று அவர் கேட்டதும் அவள் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

அவள் ஏன் யோசிக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தொண்டர் என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. நானே தொண்டர் ஆசிரியையாக இருந்தவள்தான். சம்பளம் இல்லாமல், பஸ் காசுக்கும் அக்காவிடம் கை நீட்டிக்கொண்டு, வருடக்கணக்காகப் படிப்பித்தேன். பிறகு ஒரு நாள் நிரந்தர நியமனம் வந்தது. லயமே திரண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குத் தொண்டர் என்றால் சும்மா உழைக்கிறவர் இல்லை, நிரந்தரத்துக்கு வரிசையில் நிற்கிறவர். அக்கா அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, என்னில் பார்த்திருக்கிறாள். நானும் அவள் நம்பிக்கையை மறுக்கவில்லை, என் வாழ்க்கையிலேயே அந்தச் சொல் பலித்திருந்ததே. நான் சந்தேகப்பட்டதெல்லாம் பணத்தைத்தான், அவருடைய தோல் பையின் மேலேயே கண்ணாக இருந்தேன்.

மதில் வேலை தொடங்கியது. காலையில் எல்லோரும் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்தில் அக்கா தொண்டர்களுக்குக் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடிப்பாள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பதிகிற கணக்கப்பிள்ளை வழி மறித்தார்.

“இப்புடி வேலைக்கு வராம இருந்தா பேர வெட்டிருவாங்க. அப்பறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

“வெட்டுனா வெட்டிக்கிங்க ஐயா. நா தொண்டரா சேந்துட்டேன்.”

அன்று மாலை என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தோட்டத்துப் பதிவில் பேர் இருந்தால்தான் வயதான காலத்துக்குச் சேமலாப நிதி, பேர் இருந்தால்தான் லயத்து அறைக்கே ஒரு பிடிமானம். “எதுக்கும் அந்தாளுகிட்ட வாயத் தொறந்து கேட்டுரு அக்கா” என்றேன். அடுத்த நாளே கேட்டுவிட்டு வந்தாள்.

“கேட்டுட்டேன்டி. ‘நெரந்தரமாகுமாங்க சேர்’னேன். ‘கட்டாயம்’னுட்டாரு. ஒனக்கு ஒன்னு, எல்லாத்துலயும் சந்தேகம்!”

ஆனாலும் சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய் மதிலடியில் நின்று பார்ப்பேன். சாப்பாட்டுப் பார்சல் எல்லோருக்கும் வருகிறதா, வர்ணத்தில் தண்ணீர் கலக்கிறார்களா என்று நோட்டம் விடுவேன். எதுவும் அகப்படவில்லை. பார்சலில் மீன் துண்டு கூட இருந்தது. மதிலில் பனி மூடிய மலை, அதன் நடுவே வளைந்து போகும் ரயில், கூடையை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை மடிக்கும் பெண்கள் என்று அக்காவின் கை ஓடிக்கொண்டிருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற கொழுந்துக்காரி ஒருத்தியும் அதில் இல்லை. எல்லோரும் தங்கள் பாட்டில் இருந்தார்கள். வழியில் போன ஆட்கள் நின்று நின்று பார்த்தார்கள். என் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கே ஆசையாக இருந்தது.

திறப்பு விழாவன்று விருந்தினர்கள் மேடையில் இருந்தார்கள். தொண்டர்களில் யாராவது பேசலாம் என்றார் இணைப்பாளர் சேர். மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லோரும் அக்காவைத்தான் தள்ளிவிட்டார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு, மைக்கை விடாமல், “எங்களுக்கு எப்ப நெரந்தரம் கெடைக்கும்னு சேர் சொன்னாருன்னா, கணக்கப்பிள்ளைக்குச் சொல்லிருவேன்ங்க” என்றாள். மற்றத் தொண்டர்கள் கை தட்டினார்கள். மேடையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

“எது நிரந்தரம், அம்மா?” என்று கேட்டார் இணைப்பாளர் சேர்.

“அன்னைக்கி மதிலடியில வச்சுக் கேட்டேன்ல சேர், நெரந்தரமாகுமான்னு? கட்டாயம்னீங்களே.”

அவர் முகம் வெளிறியது. “ஐயோ அம்மா, நான் பெயின்ட்டைச் சொன்னேன். மழைக்கும் போகாத பெயின்ட், நிரந்தரமா நிற்கும் என்று அதைத்தான் சொன்னேன்.”

யாரோ சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அதற்குள் தோட்டத்தில் அவள் பேரை வெட்டியிருந்தார்கள். நிரந்தர ஆள் குறைந்தால் தோட்டத்துக்காரர்களுக்கும் நல்லதுதானே.

விஷயம் தெரிந்ததும் இணைப்பாளர் சேர் தோட்டத்துக்கே வந்தார். கணக்கப்பிள்ளையிடம் பேசினார், தோட்ட மேனேஜரான துரையைப் பார்க்க மழையில் காத்திருந்தார், தன்னால்தான் வந்தது என்று கெஞ்சினார். நடக்கவில்லை. ஏமாற்றுக்காரன் இப்படி ஓடி வருவானா என்று ஒரு மனம் சொல்கிறது. தெரிந்தே விட்டவன்தான் இப்படி ஓடி வருவான் என்கிறது இன்னொரு மனம். கொழுந்துக் கறை படிந்த கையோடு ஒரு பெண் வந்து ‘நிரந்தரமாகுமா’ என்று கேட்டால், அது பெயின்ட்டைப் பற்றிய கேள்வி என்றா ஒரு மனிதர் நினைப்பார்? அப்படியும் நினைக்கலாம். கொழும்பில் வளர்ந்தவருக்கு எங்கள் சொல்லின் அர்த்தம் எப்படித் தெரியும்? ஆனால் மற்றத் தொண்டர்களும் நாள் முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தார்கள். அது அவர் காதில் ஒரு முறையாவது விழாமலா இருந்திருக்கும்? யோசிக்க யோசிக்க எனக்குத் தலைதான் வலிக்கிறது.

தோட்டத்தில் நிரந்தரமாகப் பேர் இருந்தவள் இப்போது அதே மலையில் கைகாசுக்குக் கொழுந்து பறிக்கிறாள். கூப்பிட்ட அன்றைக்கு வேலை, பறித்த கொழுந்துக்குக் காசு, அவ்வளவுதான். ஹட்டன் மதில் நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை மழை பெய்தும் ஒரு கீறல் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

போன வாரம் இணைப்பாளர் சேரிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நானுஓயாப் பக்கம் இன்னொரு மதிலாம், புதிய நிதியாம், தொண்டர்கள் வேண்டுமாம், அக்காவைக் கேட்டுச் சொல்லணுமாம். அழித்துவிடத்தான் நினைத்தேன். மனம் கேட்காமல் லயத்துக்குப் போய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கம்பியிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்து, எழுத்து உள்ளே போகும்படி மடித்தாள்.

“நெரந்தரமான்னு கேளுடி. ஆனா மொதல்ல எதக் கேக்குறேன்னு தெளிவாச் சொல்லிட்டுக் கேளு. செவரையா, என்னையான்னு.”

அப்படியே எழுதி அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.