பறக்கும் காரும் என் கையெழுத்தும்

பறக்கும் கார் ஏன் இன்னும் வரவில்லை என்று என் மகள் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது. நாலு விசிறியோடு ஏதோ வெளிநாட்டுக் கார் எழும்புவதைக் கைப்பேசியில் காட்டினாள். ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள், எல்லை நெரிசலில் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டு நிற்கிறவள். ஆசைப்பட்டதில் தப்பில்லை.

பாகலூரில் பிளாஸ்டிக் கூரைப் பந்தலுக்குள் ரோஜா போடும் என் மச்சான் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"எவனாச்சும் மேல இருந்து என் பாலிஹவுஸ் மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

கரன்ட் கம்பியை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்றாள் என் மனைவி. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். காரணம் நான்தான்.

ஸ்கூட்டருக்கு பிரேக் லீவர் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். மாதக் கடைசியில் கேட்டில் லாரி நிற்கும். லீவரில் துளை ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். மேனேஜர் 'டீவியேஷன்' சீட்டை நீட்டுவார். அளவு தப்பிய சரக்கைத் தெரிந்தே அனுப்புவதற்கான சீட்டு அது.

"கொஞ்சம்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணுங்க."

கையெழுத்துப் போடுவேன். தரையில் ஓடும் வண்டிக்குப் பெரிய மனசு. மக்கர் பண்ணினால் ஓரங்கட்டலாம், நாலு உதை விடலாம், மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் எங்கே ஓரங்கட்டுவது? நானும் மாதக் கடைசியும் இருக்கும்வரை எந்தக் காரும் பறக்காது. பறந்தாலும் நான் ஏற மாட்டேன். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அடுத்த மாதம் மகள் பஸ்ஸுக்கு முழுக்குப் போட்டு ஸ்கூட்டர் வாங்கினாள். கோயில் வாசலில் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிரும்போது, பழக்க தோஷத்தில் பிரேக் லீவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரே தடவையில் செய்த சரக்குக்கெல்லாம் பொதுவாகக் குத்தும் எங்கள் கம்பெனி லாட் எண். மார்ச் கடைசியில் நான் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாட்.

"என்னப்பா, இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டிய இப்ப எடுக்காத."

அன்று சாயங்காலமே வேறு லீவர் வாங்கி வந்து நானே மாட்டினேன். கழற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது. அந்த லாட்டில் போன மற்ற லீவர்களை எந்தெந்த வீட்டுப் பெண்கள் பிடித்துக்கொண்டு போகிறார்களோ, அவர்களுடைய அப்பாக்களுக்கு அந்த எண் தெரியாது.