சீனிக்காக நான் கேட்ட இரண்டு துஆ

என் மக்களா, ரஹ்மா, யூசுப், ஹாஜரா, இதை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். துஆ கபூலான அனுபவம், அதாவது கேட்டதை இறைவன் ஏற்றுக்கொண்ட அனுபவம் இருந்தால், மதரஸா ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி உஸ்தாத் பெற்றோர்களைக் கேட்டிருக்கிறார். மற்ற பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் ரஹ்மா திருத்தட்டும். நான் கெட்டவனாகத் தெரிகிற இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.

நான் பதினோரு வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாகக் காயல்பட்டினம் திரும்பிய அன்று, நீங்கள் மூன்று பேரும் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. போனில் பார்த்த முகம் வேறு, நேரில் வேறு. நம் பூனை சீனி மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தது. இந்த வீட்டில் என்னை முதலில் சேர்த்துக்கொண்டது அதுதான். அதற்கு ஒன்று என்றால் எனக்குப் பொறுக்காது.

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் சீனி இளைக்கத் தொடங்கியது. அப்போது அதற்கு வயது பதினைந்து. எந்நேரமும் தண்ணீர் குடித்தது. குடித்ததைவிட அதிகமாக மூத்திரம் போனது. வாயில் ஒரு கெட்ட வாடை. தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. பக்கத்து ஊரில் ஒரு மாட்டு டாக்டர் இருந்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். ஒரு கூடையில் துண்டை விரித்துச் சீனியை வைத்துக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"பதினஞ்சு வயசுப் பூனைக்கா பாய் இம்புட்டு தூரம் வந்தீரு? இது பத்து நாள் தாங்காது. மீன் மார்க்கெட்டுல விட்டுட்டுப் போம் வே. ரெண்டு குட்டியப் புடிச்சு வளத்துக்கிடும்."

அவரும் சிரித்தார், அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. வலிக்கு என்று ஓர் ஊசியைப் போட்டு அனுப்பினார். அதன்பிறகு இரண்டு நாள் சீனி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது.

அந்த இரண்டு நாளில் எனக்குள் ஏதோ திரிந்துபோனது. மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் உங்கள் மூன்று பேரையும் முற்றத்தில் வரிசையாக உட்கார வைத்தேன். கையை ஏந்தி, சீனிக்கு ஷிஃபா, அதாவது சுகம் கேட்டேன். அடுத்து அந்த டாக்டர் பெயரைச் சொல்லி, அவர் கை முடங்கட்டும் என்று கேட்டேன். நீங்கள் ஆமீன் சொன்னீர்கள். சத்தம் போதாது என்று இரண்டாம் தடவையும் சொல்ல வைத்தேன்.

உங்கள் உம்மா கதவருகில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பேரைச் சொல்லி பத்துஆ கேக்காதீங்க, அது சாபம். பிள்ளைங்க வாயில அது வர வேணாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெயரை எடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து, "சீனிக்குக் கெடுதல் செஞ்ச கை எதுவோ, அந்தக் கை முடங்கட்டும்" என்று கேட்டேன். யார் கை என்று அல்லாஹ்வுக்குத் தெரியும், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் எஸ்தர் என்று ஒரு புது டாக்டரம்மா இருப்பதாக ஒருவர் சொன்னார். ரயிலில் போனேன். கூடையைப் பார்த்து எதிரில் இருந்தவர், "உள்ள என்ன அண்ணாச்சி, கோழியா?" என்றார். பூனை, டாக்டரிடம் போகிறோம் என்றேன். "எனக்கே மூட்டுவலி, என்னைக் கூட்டிட்டுப் போக ஆளு இல்ல" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா சீனியை மடியில் வைத்துக்கொண்டு, பைய அதன் வாயைத் திறந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்.

"கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு அண்ணாச்சி. போனது திரும்பாது. இருக்கதைப் பத்திரமா பாத்துக்கிட்டா ஓட்டலாம். வலி ஊசி போட்டிருக்காங்கன்னு சொல்லுதீங்க, ரத்தம் பாக்காம அதைப் போட்டிருக்கக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை போதும் எனக்கு. ரயிலில் திரும்பும்போது ஆற்றுப் பாலம் முழுக்க அதையே மென்றுகொண்டு வந்தேன். அன்று முடிவு செய்தேன். இந்தப் பூனை சாகக் கூடாது. பத்து நாள் என்று சொன்னவன் மேசையில் இதை உயிரோடு கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா கற்றுக் கொடுத்தார். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவேன். முதல் தடவை ஊசி தோலில் இறங்கவில்லை. அந்த டாக்டரின் சிரிப்பை நினைத்தேன், இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் அவரைத்தான் நினைத்தேன். காலையில் ரத்த அழுத்த மாத்திரையில் கால் துண்டு. சாப்பாடு டாக்டரம்மா சொன்னது மட்டும். உப்பு கூடாது, கருவாடு கூடவே கூடாது. எல்லாம் என் கையால்தான். யாரையும் நம்பவில்லை.

அப்படியும் அடுத்த மாதம் ரத்தத்தில் கழிவின் அளவு ஏறியிருந்தது. எல்லாம் அந்த ஊசியின் வேலை என்று நினைத்தேன். அன்று அஸருக்குப் பிறகு என் பத்துஆ இன்னும் நீண்டது. ஹாஜரா மட்டும் உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை. நான் அவளைத் திட்டினேன். அவள் கேட்டாள்: "வாப்பா, துஆ கேட்டா எத்தனை நாள்ல கபூலாகும்?"

"கேக்குறவன் மனசுல நெருப்பு இருந்தா சீக்கிரமே ஆகும்" என்றேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொன்னேன்.

மூன்றாவது தடவை பாளையங்கோட்டை போனபோது, மேசையில் வைத்ததும் சீனி வாந்தி எடுத்தது. டாக்டரம்மா இடுக்கியால் எதையோ எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். மரச்சீவல் மாதிரி இருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

காயல்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா? மாசி. அவித்துக் காய வைத்த சூரை மீன். உப்பு அதிகம், செரிக்கக் கனம். அந்தக் கிட்னிக்கு அதுதான் விஷம்.

"வேற யாரும் போடுதாங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"அப்ப நீங்க இல்லாத எடத்துக்கு அது போகுது."

நான் இல்லாத இடம் ஒன்றுதான் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்பக்கம் முடுக்கு என்று ஒடுக்கமான சந்து உண்டு. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வருகிற வழி. ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. நான் கல்யாணம் முடித்து, ஊர் வழக்கப்படி மனைவி வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அதன் மறுமுனை எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. சீனிக்கு அந்தத் தடை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் உம்மாவை முடுக்குக்குள் அனுப்பினேன். "யாரு கைன்னு தெரியாம திரும்பி வராதே" என்றேன். முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அந்தக் கைக்கு என்னவெல்லாம் ஆக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அவள் திரும்பி வந்தாள். "ஆறு வூட்டுலயும் போடுறாஹ. நடு வூட்டுல அதுக்குப் பேரு வெள்ளையனாம். கோடி வூட்டுல மாப்பிள்ளையாம். சரியா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருதாம்."

"சிரிப்பு வேண்டாம். மொதல்ல போட்டது யாரு கை?"

அவள் முகம் மாறியது. "ஒங்க சின்ன மவ கைதான். 'வாப்பா சீனியை ஊசியால குத்துறாஹ, நல்ல சோறு போட மாட்டேங்கிறாஹ, ஸதகாவா, தருமமா நெனச்சு எதாவது தாங்க'ன்னு வூடு வூடா அழுதிருக்கா. குடுத்த மாசிய அவளே ஊட்டியிருக்கா."

ஹாஜரா, நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். வலது கையை முக்காட்டு முனையில் சுற்றி வைத்திருந்தாய். ஒரு வாரமாக நீ அந்தக் கையை மறைத்துக்கொண்டு திரிந்ததும், ஓதப் போன இடத்தில் எழுதாமல் இருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கேட்டாய்: "வாப்பா, காலையில சுண்டுவிரல் மரத்துச்சு. தொடங்கிருச்சா?"

மக்களா, பாலைவனத்தில் வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறேன். அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. முற்றத்து மண்ணிலேயே நெற்றி பட ஸஜ்தாவில் விழுந்தேன். "யா அல்லாஹ், நான் கேட்டதைத் தந்துவிடாதே. ஏந்தியது என் கை. முடக்குவதானால் இதை முடக்கு." எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. நெற்றியை எடுத்தபோது உங்கள் மூன்று பேரின் ஆமீன் கேட்டது. நான் சொல்லச் சொல்லவில்லை. ஹாஜராவின் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை அவள் சிலேட்டில் அரபு எழுத்துகளை அலிஃபிலிருந்து யா வரை எழுதிக் காட்டினாள். ஒரு எழுத்தும் கோணவில்லை. அதற்கு நான் செய்த ஷுக்ருக்கு, சொன்ன நன்றிக்கு அளவில்லை.

ஆறு வீட்டுக்கும் ஹாஜராவே போய், இனி மாசி வேண்டாம் என்று சொன்னாள். சீனி நான்கு நாள் கோபத்தில் என் செருப்பில் மூத்திரம் போனது. அடுத்த சோதனையில் அளவு இறங்கியிருந்தது. அதற்கடுத்த மாதமும் இறங்கியது. டாக்டரம்மா சிரித்தார். "ஆறு வீட்டு மாப்பிள்ளைக்கு வைத்தியம் பாத்தது இதான் மொதத் தடவை" என்றார். நோய் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் சீனி இருக்கிறது. இதை எழுதும் தாளின் மேல்தான் இப்போது படுத்திருக்கிறது.

அந்தப் பழைய டாக்டரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஒரு வருடம் முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். மேசையில் சீனியை எடுத்து வைத்தேன். "பத்து நாள்னு சொன்னீங்களே, அந்தப் பூனைதான்" என்றேன். அங்கே நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது. அவர் சீனியை நோக்கிக் கையை நீட்டினார். அந்தக் கை நல்லபடியாக இருந்தது. அதைப் பார்த்ததும் உள்ளே ஒரு நிம்மதி வந்தது. இரண்டும் உண்மை. சீனியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு அநியாயம் நடந்தால் அல்லாஹ்விடம் சொல்லுங்கள். கோபத்தையும் சொல்லுங்கள், அவன் கேட்பான். ஆனால் தண்டனையை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். யார் கை என்பது நமக்குத் தெரியாது. கை முடங்கக் கேட்ட முதல் துஆவைத் தள்ளி, தந்துவிடாதே என்ற இரண்டாவதை ஏற்றுக்கொண்டானே, அவனை நம்புங்கள்.

டாக்டரிடமிருந்து திரும்பிய அன்று வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் ஓதப் போயிருந்தீர்கள், உம்மா சாமான் வாங்கப் போயிருந்தாள். அடுக்களையில் ஒரு கிண்ணத்தைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பினேன். முடுக்கு வாசலில் நின்று இரண்டு தடவை செருமினேன். உள்ளே பெண்கள் யாருடைய அரவமும் இல்லை. காலை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு குனிந்து, வலது கையை உள்ளே நீட்டி, சீனி வருகிற வழியில் அந்தக் கிண்ணத்தை வைத்தேன்.