அண்ணாச்சி பேசுதேன்

என்னை முதல்ல அண்ணாச்சின்னு கூப்பிட்டது ஒரு லாரி டிரைவர். கண்டெய்னரோட எந்த கேட்டுக்குப் போகணும்னு போன்ல கேட்டாரு, சொன்னேன். "சரிங்க அண்ணாச்சி"ன்னு வச்சிட்டாரு. இங்கன நான் கழுத்துல தாலியும் தலையில மல்லியப்பூவுமா உக்காந்திருக்கேன்.

துறைமுகத்துப் பக்கம், கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை முடிச்சுக் குடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுல போன் பேசுறதுதான் எனக்கு வேலை. பேசிப் பொழைக்கிற அந்தக் குரல் ஒரு மாசத்துல கட்டையாப் போச்சு. முதல்ல ஒவ்வொருத்தரையும் திருத்தினேன், அப்புறம் சலிச்சுப் போய் அண்ணாச்சியாவே பதில் சொன்னேன். தூத்துக்குடி சித்திரை வெயில்ல குளிருதுன்னு ஏ.சி.யை அணைக்கச் சொல்லி ஆபீஸ் முழுக்க திட்டு வாங்கினேன். மத்தியானமானா பேப்பர் மேலயே தூக்கம், உடம்பும் ஊதிப் போச்சு. நான் சாப்பிடக் கூப்பிட்டா, கப்பல் சங்கு ஊதுதுன்னு நினைச்சேம்பாவ எங்க வீட்டுக்காரர். கூடச் சேந்து சிரிச்சிட்டு, பாத்ரூம்ல போய் அழுதேன். எனக்கு என் குரல் வேணும், அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்துப் பாத்த டாக்டரம்மா, தைராய்டு மந்தமா வேலை செய்யுதுன்னாங்க. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது. கூடவே நடக்கணும், கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். நோயைக் கூடப் பொறுத்துக்கிட்டேன், அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுக்க முடியலை.

முத நாள் பீச் ரோட்டுல ரெண்டாவது விளக்குக் கம்பத்தோட மூச்சு வாங்கி உக்காந்துட்டேன். அங்கன படுத்திருந்த நாய் என்னை ஒரு பார்வை பாத்துட்டு இடம் விட்டு நகந்துச்சு. பத்து நிமிசம் இருபதாச்சு, இருபது நாப்பதாச்சு. ரெண்டு மூணு மாசத்துல ஜாக்கெட் ஊக்கு திண்டாடாம மாட்டுச்சு, குரலும் முக்கால்வாசி திரும்பிருச்சு.

அப்பத்தான் எனக்குத் திமிரு ஏறுச்சு. வேர்த்து விறுவிறுத்து நடக்கது நான், பேரு மாத்திரைக்கா? யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டேன். எந்திரிச்ச உடனே டீ, அதுக்கப்புறம் நடை. சொர்க்கமா இருந்துச்சு.

சில வாரத்துல கெண்டைக்கால் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சுது. நடை பத்தலைன்னு நினைச்சு இன்னும் வேகமா நடந்தேன், கூறுகெட்டவ. ஒருநாள் காலையில பாதி வழியில உக்காந்தவளால எந்திரிக்க முடியலை. போனை வீட்டுலயே விட்டுட்டு வந்திருந்தேன். கூட நடந்த ஒரு அம்மாகிட்ட வாங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வண்டியை எடுத்துட்டு வாங்கன்னேன்.

"யாரு அண்ணாச்சி பேசுதீங்க?"ன்னாவ.

கேலியே இல்லை. நெசமாவே தெரியாமத்தான் கேட்டாவ. கட்டின புருசனுக்கே என் குரல் தெரியலை. நடுரோட்டுல கூச்சமில்லாம அழுதேன், அந்த அழுகையை வச்சுத்தான் அவுக என்னைக் கண்டுபிடிச்சாவ.

டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொன்னேன். "எவ்வளவு நடந்தாலும், தைராய்டு சுரப்பி செய்ய வேண்டிய வேலையைக் காலு செய்யாதும்மா"ன்னாங்க. மறுநாள்லேருந்து மாத்திரை, ஒரு மணி நேரம் டீக்கு ஏக்கம். நடை மறுபடியும் ரெண்டாவது கம்பத்துலேருந்து. நாய் அங்கனதான் இருந்துச்சு.

போன மாசம், என்னை முதல்ல அண்ணாச்சின்ன அந்த லாரி டிரைவர் ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. நான் கேட்டைச் சொன்ன பிறகும் வைக்கலை.

"அக்கா, அங்கன ஒரு அண்ணாச்சி பேசுவாரே, அவரு இல்லியா?"

வேலையை விட்டுட்டாருன்னேன்.

"கோவக்காரரு, ஆனா நல்ல மனுசன். தொண்டைதான் ரொம்ப நாளாச் சரியில்லை. மாத்திரை கீத்திரை போடுதாரா?"

வீட்டுல அடையாளம் தெரியாமப் போன அந்தக் குரலை, முகம் பாக்காத ஒரு மனுசன் தேடிட்டு இருந்திருக்காரு. கண்ணைத் துடைச்சிக்கிட்டேன்.

"போடுதாரு. இப்ப ஒழுங்காப் போடுதாரு"ன்னேன்.